பிணியாய்வில் எண்ணின் இடம்: புல்மோட்டைப் பகுதியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களெனப் போற்றியது தமிழ் மரபு. ஆயினும் மருத்துவத் துறையில் இவ்விரு கண்களுள் ஒன்றே நெடுங்காலம் விழித்திருந்தது எனலாம். நாடி பிடித்தும், நா நோக்கியும், நீரின் நிறம் கண்டும் பிணியுணர்ந்த வைத்தியர் தாம் கண்ட குணங்குறிகளை ஏட்டில் எழுதி வைத்தனர். எத்தனை பேரைக் கண்டனர், அவருள் எத்தனை பேர் பிழைத்தனர் என்ற கணக்கை எழுதி வைக்கும் வழக்கமோ அரிதாகவே இருந்தது. இக்குறை கீழைத்தேயத்துக்கு மட்டும் உரியதன்று. மேலைநாட்டு மருத்துவமும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஏறக்குறைய இந்நிலையிலேயே நின்றது. ஒருவனுடைய நோயை அறிதற்கு வைத்தியனின் கண் போதும்; ஓர் ஊரின் நோயை அறிதற்கு எண்ணும் வேண்டும் என்பது மெல்லமெல்லவே உணரப்பட்டது.

இன்றோ நிலைமை தலைகீழாய் மாறியுள்ளது. புள்ளிவிபரவியலின் துணையின்றி வெளிவரும் மருத்துவ ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் காண்டல் அரிது. முன்பு பலர் கூடிப் பல திங்கள் செய்த கணிப்புகளைக் கணினி நொடிப்பொழுதிற் செய்து முடிக்கின்றது. எண் இல்லாக் குறை நீங்கிற்று. எண்ணைக் கண்டவிடத்து ஆராய்ச்சியைக் கைவிட்டுவிடும் புதிய குறையொன்று அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருப்பின் அக்கூற்று மெய்யாகத்தான் இருக்கும் என்ற மயக்கம் கற்றோரிடத்தும் காணப்படுகின்றது. இம்மயக்கத்தின் விளைவுகளை ஆராய்வதற்குத் திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியாகிய புல்மோட்டைப் பகுதி பொருத்தமானதோர் உரைகல்லாக அமைகின்றது. அதன் கடற்கரை மணலைப் பற்றி ஒரு கேள்வியும், அதன் உட்புற நிலத்து நீரைப் பற்றி மற்றொரு கேள்வியும் எழுகின்றன. இரண்டும் எண்ணினாலன்றி விடை காண முடியாத கேள்விகள்.

எண்ணி அறிதலின் இரு முன்மாதிரிகள்

அக்கேள்விகளை அணுகுமுன், நன்கு எண்ணப்பட்ட ஆய்வு எத்தகையது என்பதை இரண்டு எடுத்துக்காட்டுகளால் தெளிந்துகொள்ளுதல் நலம்.

1854ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் வாந்திபேதி பரவியபோது யோன் சினோ என்னும் மருத்துவர், ஒரே தெருக்களில் இரு வேறு நிறுவனங்கள் குழாய்நீர் வழங்கி வந்ததைக் கண்டார். ஒரு நிறுவனம் நகரக் கழிவு கலந்த பகுதியிலும், மற்றது அதற்கு மேலே தூய பகுதியிலும் தேம்சு நதியின் நீரை எடுத்தன. முதலாவது நிறுவனத்தின் நீரைப் பெற்ற 40,046 வீடுகளில் 1,263 பேர் மாண்டனர். இரண்டாவதன் நீரைப் பெற்ற 26,107 வீடுகளில் மாண்டோர் 98 பேர். பத்தாயிரம் வீட்டுக்கு 315 என்பதற்கும் 37 என்பதற்கும் உள்ள வேற்றுமையைக் காண்பதற்குச் சிக்கலான கணிதம் எதுவும் தேவைப்படவில்லை. கழித்தலும் வகுத்தலுமே போதுமாயிருந்தன. அவ்வாய்வின் வலிமை கணிப்பில் இல்லை. அடுத்தடுத்த வீட்டார், ஒரே தொழிலினர், ஒரே வருவாயினர், பெரும்பாலும் தாம் அறியாமலே இரு கூறாகப் பிரிந்திருந்தமையே அதன் வலிமை.

இயற்கையாய் அமைந்த அப்பிரிவினைத் திட்டமிட்டு அமைத்துக் காட்டியது சென்னை. அங்கு 1956இல் தொடங்கப்பெற்ற காசநோய் இரசாயன சிகிச்சை நிலையம், வீட்டில் இருந்தபடி மருந்துண்ணும் காசநோயாளிக்கும் ஆரோக்கியசாலையிற் படுத்து மருந்துண்ணும் நோயாளிக்கும் இடையே குணமடைதலில் வேற்றுமை உண்டோ என ஆராய்ந்தது. நோயாளிகள் 193 பேர். யார் வீட்டுக்குச் செல்வது, யார் ஆரோக்கியசாலைக்குச் செல்வது என்பதை மருத்துவரும் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. திருவுளச் சீட்டுப் போன்றதொரு முறையே தீர்மானித்தது. ஓராண்டின் முடிவில் இரு சாராரிடத்தும் குணமடைந்தோர் வீதம் பெரிதும் வேறுபடவில்லை என்பது 1959இல் வெளியான அறிக்கையாற் புலனாயிற்று. போதிய கட்டில்கள் இல்லாத ஏழை நாடுகளின் காசநோய்ச் சிகிச்சை முறையையே மாற்றிய ஆய்வு அது. நோயாளிகள் இருநூற்றுவர் கூட இல்லை. ஆயினும் அவர் பிரிக்கப்பட்ட முறை ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை.

இவ்விரண்டினின்றும் பெறப்படும் உண்மை யாதெனின், ஆய்வின் தரம் கணிப்புத் தொடங்குமுன்னரே பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றது என்பதாம். யாரை யாரோடு ஒப்பிடுவது என்பதே முதற் கேள்வி. மண்ணையும் நீரையும் காற்றையும் பொறுத்தவரை திருவுளச் சீட்டுப் போட இயலாது. எவன் எங்குப் பிறந்தான், எக்கிணற்று நீரைக் குடித்தான் என்பதை ஆய்வாளர் விதிக்க முடியாது. உள்ளதை உள்ளவாறு நோக்கவே முடியும். ஆகவே அத்துறை ஆய்வுகளில் ஒப்பீட்டைப் பற்றிய கவனம் பன்மடங்கு வேண்டப்படும்.

கரை எழுப்பும் கேள்வி

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வழியாக வடக்கு நோக்கிச் செல்லும் பாதை புல்மோட்டையை அடைகின்றது. அங்கிருந்து கொக்கிளாய்க் களப்பை நோக்கி நீளும் கரையின் கருமணல் உலகப் புகழ் வாய்ந்தது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் அதனைக் கொணர்ந்து குவிக்கின்றது. 1957இல் நிறுவப்பட்ட இலங்கைக் கனிய மணல் கூட்டுத்தாபனமும், அதன் வழித்தோன்றலாய் இன்றுள்ள நிறுவனமும் இம்மணலைப் பிரித்து ஏற்றுமதி செய்து வந்துள்ளன. மணலின் பெரும்பகுதி இல்மனைற்று. அதனோடு றூட்டைல், சேர்க்கன் என்பனவும் உண்டு. மிகச் சிறிய அளவில் மொனசைற்று என்னும் கனியமும் கலந்துள்ளது. மொனசைற்றிலே தோரியம் உண்டு. தோரியம் கதிர்வீசும் தன்மையது. கதிர்வீச்சு மிகுந்தவிடத்துப் புற்றுநோய் மிகும் என்பது பொதுவாக அறியப்பட்ட செய்தி. எனவே இத்தகைய மணலின் மேல் தலைமுறை தலைமுறையாய் வாழ்வோருக்குத் தீங்கு நேருமோ என்னும் அச்சம் இயல்பாகவே எழும்.

இவ்வச்சத்தை எண்ணால் ஆராய்ந்த களம் கடலுக்கு அப்பால், கேரளத்துக் கொல்லம் மாவட்டத்தில் உள்ள கருநாகப்பள்ளி. அங்குள்ள கரைமணலில் மொனசைற்று மிகுதி. சில இடங்களில் ஆண்டொன்றுக்கு ஒருவர் பெறக்கூடிய கதிர்வீச்சு உலகின் பிற இடங்களில் உள்ளதினும் பல மடங்கு உயர்ந்தது. அக்கரையைப் பற்றி இரு வேறு ஆய்வுகள், இரு வேறு முறைகளில் நிகழ்ந்தன. அவற்றை அருகருகே வைத்து நோக்குதல் பயனுடைத்து.

முதலாவது 1976இல் நேச்சர் என்னும் ஆங்கில இதழில் வெளிவந்தது. கதிர்வீச்சு மிக்க கரையில் வாழும் ஏறக்குறைய 13,000 பேருள், டவுண் கூட்டறிகுறி எனப்படும் பிறவிக் குறைபாடுடையோர் 12 பேர் எனவும், ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட ஏறக்குறைய 6,000 பேருள் ஒருவரேனும் இலர் எனவும் அது கூறிற்று. பன்னிரண்டுக்கும் சுழியத்துக்கும் உள்ள வேற்றுமை எவரையும் திடுக்கிடச் செய்யும். ஆயினும் அடுத்த ஆண்டிலேயே மறுப்பு எழுந்தது. ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஒருவர் என்பது கதிர்வீச்சு மிகாத நாடுகளிலும் காணப்படாத அளவன்று. அங்ஙனமாயின், விளக்கம் வேண்டி நிற்பது கரையிலுள்ள பன்னிரண்டோ, ஒப்பீட்டு ஊரிலுள்ள சுழியமோ? இக்குறைபாடு தாயின் வயதோடு நெருங்கிய தொடர்புடையது. இரு சாராரிடத்தும் தாய்மாரின் வயது ஒத்திருந்ததா, குறைபாடுடைய குழந்தைகள் இரண்டிடத்தும் ஒரே அளவு காலம் பிழைத்திருந்தனரா என்னும் கேள்விகளுக்கு விடை தெளியாமல், அவ்வேற்றுமையைக் கதிர்வீச்சின் மேல் ஏற்றுதல் ஒண்ணாது. ஒப்பிடப்பட்ட குழு பிழையாயின் கணிப்பு எவ்வளவு நுண்ணியதாயினும் பிழையையே நுண்ணிதாகக் கூறும்.

இரண்டாவது ஆய்வு வேறு வகையானது. திருவனந்தபுரம் பிராந்தியப் புற்றுநோய் நிலையம் 1990 தொடக்கம் கருநாகப்பள்ளியில் வீடுவீடாகச் சென்று 385,103 பேரைப் பற்றிய விபரங்களைத் திரட்டிற்று. வீட்டின் உள்ளும் புறமும் கதிர்வீச்சை அளந்தது. புற்றுநோய்ப் பதிவேடொன்றையும் பேணிற்று. அவருள் 30 முதல் 84 வயது வரையுள்ள 69,958 பேர் சராசரி பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். 2005இன் இறுதிவரை அவரிடத்துத் தோன்றிய புற்றுநோய்கள் 1,379. கல்வி, பீடி புகைத்தல், வயது, பால் ஆகியவற்றின் வேறுபாடுகளைக் கணிப்பினால் விலக்கிய பின்னர், கதிர்வீச்சுக் கூடக் கூடப் புற்றுநோய் கூடுவதாகக் காணப்படவில்லை என 2009இல் வெளியான அறிக்கை கூறிற்று. நோயுற்றோரைப் பின்னோக்கித் தேடாமல், நோயுறுமுன்னரே யாவரையும் எண்ணிவைத்து முன்னோக்கிச் சென்றமை இவ்வாய்வின் பெருஞ்சிறப்பு.

ஆயினும் இதனையும் அளவறிந்தே ஏற்றல் வேண்டும். ஒரு கிரே கதிர்வீச்சுக்கு நேரும் மிகையான தீங்கு -0.13 என்பது அவர் பெற்ற பெறுமானம். அதன் நம்பிக்கை ஆயிடை -0.58 தொடக்கம் 0.46 வரை பரந்துள்ளது. அதாவது, திரட்டப்பட்ட தரவுகளோடு முரண்படாத பெறுமானங்கள் இவ்விரு எல்லைகளுக்கும் இடையே அடங்கும் என்க. ஹிரோசிமா, நாகசாக்கி நகரங்களில் அணுகுண்டுக்குத் தப்பியோரிடத்துக் காணப்பட்ட பெறுமானம் ஏறத்தாழ 0.47. கருநாகப்பள்ளியின் மேலெல்லை அதனைத் தொட்டும் தொடாமலும் நிற்கின்றது. ஆதலின் ‘தீங்கு காணப்படவில்லை’ என்பதை ‘தீங்கே இல்லை’ எனத் திரித்துரைத்தல் தகாது. அன்றியும், ஊணும் தொழிலும் வீடமைப்பும் வேறுபட்ட புல்மோட்டைக்கு அம்முடிவை அப்படியே பெயர்த்து வைத்தலும் முறையாகாது. கருநாகப்பள்ளி புல்மோட்டைக்கு வழங்கக்கூடியது எண்ணும் முறையையே, எண்ணையன்று.

உள்நாடு எழுப்பும் கேள்வி

கரையைவிட்டு மேற்கே உள்நாடு நோக்கிச் சென்றால் பதவியாக் குளத்தை அண்டிய வயல்நிலங்கள் தொடங்குகின்றன. அங்கே, புல்மோட்டை அமைந்த அதே திருகோணமலை மாவட்டத்தின் எல்லைக்குள், பதவி சிறீபுர என்னும் பிரிவு உள்ளது. வடமத்திய மாகாணத்தில் 1990களில் மருத்துவர் கவனத்துக்கு வந்த, காரணம் துணியப்படாத நீடித்த சிறுநீரக நோய் மிகுதியாகத் தாக்கிய இடங்களுள் அதுவும் ஒன்று. சிறுநீரகத்தைக் கெடுக்கும் வழக்கமான காரணங்களாகிய நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் இல்லாத உழவர், உழைக்கும் வயதிலேயே இந்நோய்க்கு ஆளாயினர். குடும்பத்தைத் தாங்கும் கை ஓய்ந்தபின் அக்குடும்பம் படும் பாட்டை எந்த எண்ணும் முழுமையாக உரைக்கமாட்டாது.

இந்நோயின் காரணத்தை நாடிய ஆய்வுகளுள் மிகுந்த விவாதத்துக்கு உள்ளானது, சன்ன ஜயசுமனவும் அவர்தம் துணைவர்களும் பதவி சிறீபுர வைத்தியசாலையை அடிப்படையாகக் கொண்டு நிகழ்த்தி 2015இல் வெளியிட்ட ஆய்வாகும். கிளைபோசேற்று என்னும் களைநாசினி வன்னீரோடு சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்ற கருதுகோளை அவர்கள் 2014இலேயே வெளியிட்டிருந்தனர். 2015ஆம் ஆண்டின் ஆய்வில் நோயாளர் 125 பேரும் நோயற்றோர் 180 பேரும் இடம்பெற்றனர். கிணற்றுநீர் குடித்தோருக்கு 2.52, கைவிடப்பட்ட கிணற்றின் நீரை முன்பு குடித்தோருக்கு 5.43, கிளைபோசேற்றுத் தெளித்தோருக்கு 5.12 என வாய்ப்புவிகிதங்கள் பெறப்பட்டன. கைவிடப்பட்ட கிணறுகளின் நீரில் வன்மையும் கிளைபோசேற்றும் கூடுதலாக இருந்தமையும் அளந்து காட்டப்பட்டது.

வாய்ப்புவிகிதம் என்பது யாது? ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நோயாளர் நூற்றுவருள் 60 பேரும், நோயற்றோர் நூற்றுவருள் 30 பேரும் களைநாசினி தெளித்தவர் எனக் கொள்க. நோயாளரிடத்துத் தெளித்தோருக்கும் தெளிக்காதோருக்கும் உள்ள விகிதம் 60க்கு 40, அதாவது 1.5. நோயற்றோரிடத்து அது 30க்கு 70, அதாவது ஏறக்குறைய 0.43. முன்னதைப் பின்னதால் வகுக்க 3.5 வரும். பெறுமானம் ஒன்றாயின் தொடர்பு இல்லை. ஒன்றினும் மிகுமளவுக்குத் தொடர்பு வலிது என்பது பொருள்.

இனி, அதே எடுத்துக்காட்டில் மனித இயல்பு ஒன்றைச் சேர்த்து நோக்குக. நோயுற்றவன் தனக்கு இந்நிலை ஏன் வந்தது என இரவும் பகலும் எண்ணுவான். பத்தாண்டுக்கு முன் தெளித்ததையும் நினைவு கூர்வான். நோயற்றவனுக்கு அங்ஙனம் நினைக்கும் தேவை இல்லை. தெளித்திருந்தும் மறந்து ‘இல்லை’ என்று கூறிய நோயற்றோர் பதின்மர் எனக் கொண்டால், உண்மை விகிதம் 40க்கு 60 ஆகும், 3.5 என்ற பெறுமானம் 2.25 ஆகக் குறைந்துவிடும். பதின்மரின் மறதி விடையை இத்துணை மாற்றுகின்றது. களைநாசினியே காரணம் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியபின் இத்தகைய வினாக்களை வினவுமிடத்து இவ்விடர் இன்னும் மிகும்.

இரண்டாவது, ஆயிடையின் அகலம். கிளைபோசேற்றுக்குரிய 5.12 என்பதன் நம்பிக்கை ஆயிடை 2.33 முதல் 11.26 வரை. மேலெல்லை கீழெல்லையினும் ஏறத்தாழ ஐந்து மடங்கு. கிணற்றுநீருக்குரிய ஆயிடையோ 1.12 முதல் 5.70 வரை, அதன் கீழெல்லை ‘தொடர்பு இல்லை’ என்னும் ஒன்றை ஒட்டி நிற்கின்றது. முந்நூற்றைந்து பேரைக் கொண்ட ஆய்வு இதனினும் கூர்மையாக உரைத்தல் இயலாது. ஆய்வாளர் இவ்வாயிடைகளை மறைக்கவில்லை, தெளிவாகவே எழுதியுள்ளனர். அவற்றை விட்டுவிட்டு 5.12ஐ மட்டும் எடுத்து முழங்கியது பின்வந்தோர் செயல்.

மூன்றாவது, காரணங்களின் பின்னல். களைநாசினி தெளிப்போன் யார்? வயலில் வெயிலில் நின்று வியர்வை சிந்துவோனும், போதிய நீர் குடியாது உழைப்போனும், உரமும் பிற நாசினிகளும் கையாள்வோனும், கிணற்றுநீரையே நம்பியிருப்போனும் அவனே. இவற்றுள் ஒன்றைத் தனியே பிரித்தெடுத்து அதன் பங்கு இவ்வளவு எனக் கூறுதற்குப் பன்மாறிப் பிற்செலவு என்னும் கணித முறை துணை செய்யும். ஆனால் அளக்கப்பட்டவற்றின் செல்வாக்கையே அது விலக்க வல்லது. அளக்கப்படாதவற்றை அது அறியாது. நூல்கள் இறுகப் பின்னியவிடத்துச் சிறு மாதிரியைக் கொண்டு அவற்றைப் பிரித்தல் கடினம்.

நான்காவது, முன்பின் என்னும் வரன்முறை. கைவிடப்பட்ட கிணற்றின் நீரைக் குடித்தோரிடத்து நோய் மிகுதி என்பது பெரிய செய்தியே. ஆயினும் கிணறு கைவிடப்பட்டது ஏன்? நீர் சுவை கெட்டமையால் எனின், அந்நீர் நோய்க்குக் காரணமாதல் கூடும். வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டபின் அஞ்சிக் கைவிட்டனர் எனின், நோயே கைவிடலுக்குக் காரணமாகும். இவ்விரண்டையும் வேறுபடுத்தாவிடின் 5.43 என்னும் எண் தானே பேசாது.

இவ்வளவும் கூறியதால் அவ்வாய்வு வீண் எனக் கொள்ளற்க. உழவர் வாழும் இடத்துக்கே சென்று, அவர் குடித்த நீரையே அளந்து, நாட்டின் கவனத்தைக் கிணற்றின்பால் திருப்பியமை அதன் அழியாப் பயன். நல்ல குடிநீர் வழங்குதல் எக்காரணம் பற்றியாயினும் நன்றே. குறை எங்குள்ளதெனின், மேலாய்வுக்கு வழிகாட்டும் விளக்காகக் கொள்ளவேண்டியதைத் தீர்ப்பாகக் கொண்டமையில் உள்ளது. 2015இல் கிளைபோசேற்று இலங்கையெங்கும் தடை செய்யப்பட்டது, 2018இல் தேயிலை, இறப்பர்ச் செய்கைக்காக அத்தடை தளர்த்தப்பட்டது, 2022இல் நீக்கப்பட்டது. தடை விதித்தோரும் நீக்கியோரும் அறிவியலையே சான்று காட்டினர். விதிக்கும்போதும் நீக்கும்போதும், தெளித்தவரிடத்து நோய் புதிதாய்த் தோன்றும் வீதம் எவ்வாறு மாறுகின்றது எனத் தொடர்ந்து எண்ணுவதே தடையினின்று கற்றற்குரிய பாடமாயிருக்கும்.

பெயரிடுதலும் எண்ணுதலும்

யாரை ஒப்பிடுவது என்பதற்கும் முற்பட்ட கேள்வி ஒன்றுண்டு: யாரை நோயாளன் என்பது? உலக சுகாதார தாபனத்தின் ஆதரவோடு அனுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களில் நிகழ்ந்து 2013இல் வெளியான ஆய்வு, வயது வேறுபாட்டைச் சீர்செய்தபின் பெண்களில் 16.9 வீதத்தினரும் ஆண்களில் 12.9 வீதத்தினரும் இந்நோயுடையோர் எனக் கூறிற்று. வைத்தியசாலையிலோ முற்றிய நோயோடு வருவோருட் பெரும்பாலோர் ஆண்கள். அவ்வாய்விலும் நோயின் முற்றிய படிநிலைகளில் ஆண்களின் வீதமே பெண்களினும் பன்மடங்காயிருந்தது. இது முரண்போலத் தோன்றும். அவ்வாய்வு நோயை இனங்கண்டது சிறுநீரிற் கசியும் அல்புமினைக் கொண்டு. இந்நோயோ சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் அவற்றிடைப்பட்ட இழையத்தையும் முதலில் தாக்குவது. தொடக்கத்தில் அல்புமின் மிகுதியாகக் கசிவதில்லை. ஆகவே வேறு காரணத்தால் அல்புமின் கசிந்த பெண்கள் கணக்கினுட் புகுந்திருத்தலும், உண்மையில் நோய் தொடங்கிய ஆண்கள் கணக்கினின்றும் நழுவியிருத்தலும் கூடும். வரைவிலக்கணம் மாறின் எண் மாறும்.

அல்புமினை விடுத்துச் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகத்தை அளந்தாலென்ன எனின், அங்கும் கணிப்பே எதிர்நிற்கின்றது. அவ்வேகம் பெரும்பாலும் நேரே அளக்கப்படுவதில்லை. குருதியிலுள்ள கிரியற்றினினின் அளவு, வயது, பால் என்பவற்றை ஒரு சூத்திரத்தில் இட்டுக் கணிக்கப்படுகின்றது. 1999இல் வெளிவந்து நெடுங்காலம் வழங்கிய சூத்திரம் அமெரிக்க நோயாளர் 1,628 பேரின் தரவுகளிலிருந்து வகுக்கப்பட்டது. 2009இல் அதனைத் திருத்திய சூத்திரம் 8,254 பேரின் தரவுகளிலிருந்து பெறப்பட்டது. கிரியற்றினின் தசையிலிருந்து தோன்றுவது. மேலைநாட்டவரினும் மெலிந்த உடலுடைய உழவனிடத்து அது குறைவாகவே தோன்றும். சூத்திரமோ அக்குறைவைச் சிறுநீரகத்தின் நலத்துக்குச் சான்றாக்கும். நோயாளி கையிற் பெறும் ஆய்வுகூடத் துண்டில் அச்சிடப்பட்ட எண், அளந்தது போலத் தோன்றினும், தொலைநாட்டு மக்களின் உடலமைப்பை அடியொற்றிய மதிப்பீடே. இதனை உணராத மருத்துவன் அத்துண்டைப் படிக்கின்றானேயன்றி நோயாளியைப் படிப்பதில்லை.

கணினியின் ஆற்றலும் எல்லையும்

கணினியின் வருகை இவ்விடர்களை நீக்குமோ எனின், ஒருவாறு நீக்கும், ஒருவாறு பெருக்கும். எழுபதினாயிரம் பேரை ஆண்டுதோறும் பின்தொடர்ந்து பதிவேடுகளோடு ஒப்புநோக்குதல் கணினி இல்லாவிடின் பெரும்பாடு. கருநாகப்பள்ளி போன்ற ஆய்வுகள் அதன் கொடை. மறுபுறம், காரணம் துணியப்படாத நோயொன்றுக்குக் கட்மியம், ஆசனிக்கு, புளோரைட்டு, நீரின் வன்மை, நாசினிகள், வெப்பம் எனப் பத்தும் இருபதுமாகக் காரணங்கள் முன்வைக்கப்படும்போது, அவை யாவற்றையும் ஒரே தரவின் மேல் ஏற்றிச் சோதித்தல் கணினிக்கு ஒரு நொடி வேலை. உண்மையில் எத்தொடர்பும் இல்லாத இருபது காரணிகளை ஒன்றையொன்று சாராவகையில், நூற்றுக்கு ஐந்து என்னும் வழக்கமான மட்டத்திற் சோதித்தால், ஒன்றேனும் தொடர்புடையதுபோலப் பொய்த் தோற்றம் தருவதற்கு உள்ள நிகழ்தகவு 64 வீதம். அவ்வொன்றை மட்டும் அச்சேற்றி எஞ்சிய பத்தொன்பதையும் பேசாதுவிட்டால், படிப்போன் அறிவது அரைப்பொய். எத்தனை சோதனைகள் செய்யப்பட்டன என்பதும் ஆய்வின் முடிவுகளுள் ஒன்றே. அதனை முன்கூட்டி அறிவித்தல் ஆய்வாளனின் நேர்மையைச் சேர்ந்தது.

கல்லூரியின் பங்கு

இவ்வாராய்ச்சியினின்று கல்வியுலகம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. இலங்கையின் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயிலப் புகும் மாணவர் கணிதப் பிரிவு, உயிரியற் பிரிவு என இரு வழிகளில் பிரிகின்றனர். உயிரியலைத் தெரிந்தோருட் பெரும்பாலோர் அன்றோடு கணிதத்தைக் கைவிடுகின்றனர். கணிதத்தைத் தெரிந்தோர் உடலின் தொழிற்பாட்டை அறியாதே வெளியேறுகின்றனர். பின்னாளில் முன்னவர் மருத்துவராகிப் பொருள் விளங்காத எண்களைக் கையாள்கின்றனர். பின்னவர் தரவாளராகி நோயாளரைக் காணாத எண்களைக் கணிக்கின்றனர். புல்மோட்டைக் கரையின் கேள்விக்கும் பதவி சிறீபுர வயலின் கேள்விக்கும் இவ்விருவருள் எவரும் தனித்து விடை காணல் அரிது. நிகழ்தகவின் அடிப்படையை உயிரியல் மாணவனுக்கும், உடலியலின் அடிப்படையைக் கணித மாணவனுக்கும் கற்பித்தல் கல்லூரிகளால் இயலாத காரியமன்று.

எண் ஒரு சாட்சி. சாட்சி நம்பத்தக்கதா என்பதை அறிய, அது எங்கு நின்று கண்டது, யாரைக் கண்டது, யாரைக் காணத் தவறியது என வினவுதல் நீதிமன்றத்து வழக்கம். கருமணலின் மேல் விளையாடும் குழந்தைக்கும், வரப்பில் நின்று கிணற்றுநீர் அருந்தும் உழவனுக்கும் அவ்வினாக்களைத் தாமே எழுப்பும் வாய்ப்பு இல்லை. அவர் பொருட்டு எழுப்பவேண்டியவர் கற்றோர். வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயைத் தேர்ந்தறிந்தபின் அதன் முதற்காரணத்தைத் தேடப் பணித்தார். ஊர் முழுவதும் பரந்த பிணிக்கு அத்தேட்டம் எண்ணின் வழியே நடைபெறவேண்டியுள்ளது. பொறுமையோடு எண்ணுதலும், எண்ணியதை ஐயுற்று நோக்குதலும் ஒருங்கே அமைந்தவிடத்தே அது பயன் தரும்.